இரண்டு கார்களும் அப்பாவின் இடது காலும்

மாமா கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்த மறுநாளே, எங்கள் வீட்டில் ஆட்டோ வாங்கப் போகிறார்கள் என்ற செய்தியைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை முழுக்கப் பரப்பியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் ஆட்டோ என்றால் மூன்று சக்கர வண்டி. அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில் அவை ஏற்கெனவே வரிசை கட்டி நின்றன; ஹயர் ஓட ஆள் கிடைக்காத சாரதிகள் பின் சீட்டில் காலை நீட்டிப் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் செய்தியைக் கேட்ட யாரும் பெரிதாக மகிழவில்லை. சாயந்தரத்துக்குள் மூன்று பேர் வந்து மாமாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். அவர் என் அம்மாவின் தம்பி. கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் கார் சாரதி. அவர் வாங்க நினைத்தது ஆட்டோமெட்டிக் கார். அதில் கியர் தானாக மாறிக்கொள்ளும். கிளட்ச் கிடையாது, மிதிப்பதற்கு இரண்டே பெடல்கள், வலது கால் ஒன்று போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா அது காதில் விழாதவர் போல இன்னொரு கட்டையை எடுத்து வைத்தார்.

அப்பா பதினாறு வருஷம் தோட்டத்தின் கொழுந்து லொறியை ஓட்டியவர். இதற்கு இரண்டு வருஷம் முந்தி, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத மூட்டத்தில் லொறி வளைவில் வழுக்கி ரோட்டோரக் கானுக்குள் சரிந்தது. அவருடைய இடது கணுக்கால் நசுங்கிவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் பாதம் மேலும் கீழும் மடங்க மறுத்தது. கிளட்ச் மிதிக்க முடியாதவர் கையில் லொறியைத் தர முடியாது என்று தோட்டத்துத் துரை வருத்தத்தோடுதான் சொன்னாராம். ஃபெக்டரி கேட்டில் வாட்சர் வேலை கொடுத்தார்கள். அப்பா ஓட்டிய அதே லொறி வரும்போதெல்லாம் ஸ்டூலிலிருந்து எழுந்து, நொண்டிப் போய்க் கேட்டைத் திறந்துவிட வேண்டும். நான் அதைப் பெரிய பதவி என்று நினைத்தேன். அப்பா மனது வைத்தால்தான் லொறி உள்ளே போக முடியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மாமாவின் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணை அழைத்து வர நல்ல கார் ஒன்றைப் பதுளையிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருந்தது. வேன் வாங்கச் சொன்னவர்களிடம் அவர், "பொண்ணு வேன்ல வந்து எறங்குறத யாரும் போட்டோ புடிச்சு மாட்ட மாட்டாங்க" என்றார். பழையதானாலும் கம்பீரமான, உயர்ந்த ரகக் கார். அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு அப்பா ஓட்டுவார், மாமா கத்தாருக்குத் திரும்பிப் போவார். அவருக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது.

முதலில் வந்தது வெள்ளைக் கார். தரகர் அதை ஸ்டேஷன் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியபோது அதன் மேல் விழுந்த பனித்துளிகூட அழகாக இருந்தது. பட்டனை அழுத்தினால் கூரையில் ஒரு கண்ணாடி நகர்ந்து வானம் தெரிந்தது. பால் நிறத் தோல் சீட்டு. முன்னால் டீவி மாதிரி ஒரு திரை. மிகக் குறைவாக ஓடிய வண்டி, ஒரே ஆள் வைத்திருந்தது என்று தரகர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்தக் கூரைக் கண்ணாடியிடம் அப்போதே மனதைக் கொடுத்துவிட்டேன். மாமாவும் கொடுத்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பெரகல பக்கம் மலையிறங்கி ஏறிப் பார்க்கலாம் என்று எல்லோரும் ஏறினோம். அப்பாவுக்குப் பக்கத்தில் மாமா. பின்னால் தரகர், அம்மா, நடுவில் நான். அப்பா ஸ்டியரிங்கில் கை வைப்பதற்கு முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. நாலைந்து வளைவுகளை அவர் திருப்பிய விதத்தைப் பார்த்துத் தரகரே பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஒரு வளைவில், எங்கள் பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்தது. பதினாறு வருஷப் பழக்கம். அப்பாவின் இடது கால் கிளட்சைத் தேடிப் பாய்ந்தது. அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடல்தான் இருந்தது. கார் நட்ட நடு வளைவில் அறைந்தது போல நின்றது. என் நெற்றி முன் சீட்டில் மோதியது. பின்னால் வந்த லொறி ஒரு முழ இடைவெளியில் கிறீச்சிட்டு நிற்க, அதன் ஹோர்ன் மலை முழுக்கக் கேட்டது.

தரகர் கத்தினார். கால் விளங்காத ஆளிடம் வண்டியைக் கொடுத்தது தன் புத்திக் கோளாறு என்றார். மாமா அவரோடு சண்டைக்குப் போனார். அப்பா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. வண்டியை ஓரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். ஆனால் இறங்கவில்லை.

"என்னால ஆகாது மாப்ள. காரு வாங்கிக்க. வேற டிரைவரப் பாரு."

அம்மா இறங்கி அவர் பக்கம் போய், ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்தாள். அவருடைய இடது காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வெளியே எடுத்து வைத்தாள். கால் வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பெடல்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது மாமா ஓட்டினார். நான் கூரைக் கண்ணாடியை இன்னொரு தடவை திறக்கச் சொல்லி அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன்.

தரகர் போன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். "தம்பி, அந்த மிதியில இருக்குற ரப்பரு வரியே இல்லாம வழுவழுன்னு தேஞ்சு கெடக்கு. கொஞ்சந்தான் ஓடுன வண்டின்னா அது எப்படித் தேயும்?"

அதுவரை காரில் ஏறியே பழக்கமில்லாத கொழுந்து பறிக்கும் பெண் கவனித்ததை, கத்தாரில் காரோட்டும் மாமா கவனித்திருக்கவில்லை. மறுநாள் தரகரோடு காரையும் எடுத்துக்கொண்டு பண்டாரவளையில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனார். கியர்பொக்ஸ் எண்ணெயை மெக்கானிக் ஒரு வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காட்டினாராம். சிவப்பாக இருக்க வேண்டியது வெறும் கோப்பி போல இருந்தது. கருகின வாடையும் அடித்தது. வண்டி ஓடிய அளவுக்கு மீட்டர் ஓடவில்லை என்று சொல்லி அவர் கையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக் கார் இல்லை என்று ஆனது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கார்ப் பேச்சு அத்தோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டாள். அதற்கு முன்னால் இரண்டு செங்கற்களை, ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெட்டாகவும் வைத்தாள். அப்பாவின் கையில் சோற்றுத் தட்டு ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். அவர் முறைத்தார், அம்மா நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் உட்கார்ந்தார்.

என் வேலை ரோடாக இருப்பது. "லெப்ட்டு வளைவு" என்று கத்துவேன், அப்பா தட்டைத் திருப்புவார். "பஸ்ஸு!" என்று திடீரென்று கத்துவேன், அவர் பிரேக் செங்கல்லை மிதிக்க வேண்டும், வலது காலால் மட்டும். முதல் நாள் பஸ் வந்த போதெல்லாம் இடது காலும் சேர்ந்து பாய்ந்தது. நான் பஸ்ஸோடு விடவில்லை. மாடு, பன்றி, கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள், தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்த பதுளை ரயில் எல்லாவற்றையும் குறுக்கே அனுப்பினேன். லயத்துப் பிள்ளைகள் கூடி நின்று தங்கள் பங்குக்கு ஆடுகளை ஓட்டிவிட்டார்கள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. என் ரயில்தான் காரணம் என்று நினைத்தேன்.

வேலை முடிந்து வரும் சாயந்தரங்களிலும் இது நடந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தாள். வலது காலில் சப்பாத்துப் போட்டு, இடது காலை வெறுங்காலாக விட்டால் அது தன் பாட்டில் கிடந்தது. சப்பாத்து ஏறியதும் வேலைக்குப் போகிற ஞாபகம் வந்துவிடுகிறதோ என்னவோ என்று அம்மா சொன்னாள்.

இரண்டாவது கார் ஹாலிஎலயில் இருந்தது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. சுவரில் இயேசு படமும் அதன் கீழ் ஒரு டாக்டரின் படமும். டாக்டர் அவருடைய கணவர், முந்தின வருஷம் இறந்துபோனவர். போர்ட்டிகோவில் நின்ற காரின் மேல் போர்த்தியிருந்த துணியை டீச்சர் விலக்கிக் காட்டினார். கரும்பச்சை. கூரையில் கண்ணாடி இல்லை. சீட்டுத் தோல் ஓரத்தில் வெடித்திருந்தது, பின் இடது ஜன்னல் பாதிக்கு மேல் இறங்காது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு கொப்பி இருந்தது. எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் டாக்டர் தன் கையால் எழுதி வைத்திருந்தார், மருந்துச் சீட்டு எழுத்தில். மாமாவால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார்; சில இடங்களில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். மாமா காகிதத்தில் எண்ணெயைத் தடவிப் பார்த்தார். குங்குமம் கரைத்த மாதிரி இருந்தது. அம்மா குனிந்து பெடலைப் பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது, கொப்பி சொன்ன அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அப்பா ஓட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்தது. எல்லோர் முன்னாலும் அவர் தயங்கினார். பிறகு குனிந்து இடது சப்பாத்தைக் கழற்றிப் படியோரம் வைத்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. எனக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார். "லொறி எத்தன வருஷம் ஓட்டினீங்க?"

"பதினாறு வருஷம்ங்க."

"அப்ப நானும் வாறேன். தெமோதர பக்கம் வளைவுல ஏத்திக் காட்டுங்க. இவரு போனப்பறம் அந்தப் பக்கம் போகவேயில்ல." பிறகு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, மழை வரும்போல் இருக்கிறது, அந்தச் சப்பாத்தை உள்ளே எடுத்து வை என்றார்.

வளைவுகளில் அப்பா ஏற்றிக் காட்டினார். ஒரு பஸ் வந்தது, பிறகு ஒரு லொறி, பிறகு ரோட்டைக் கடப்பதா வேண்டாமா என்று யோசித்த ஒரு நாய். ஒவ்வொரு தடவையும் நான் எட்டிப் பார்த்தேன். இடது கால் காரின் தரை விரிப்பின் மேல் வெறுமனே கிடந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். திரும்பி வந்து இறங்கியதும், இதற்கு முன் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காரைத் தர மனசு வரவில்லை, இப்போது வந்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னார்.

காகிதங்கள் மாற்றி முடிய ஒரு வாரம் ஆனது. மாமா திரும்பிப் போக இன்னும் ஐந்து நாள் இருந்தபோது நாங்கள் ஹாலிஎலயிலிருந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமா முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பின் சீட்டில் நானும் அம்மாவும். பாதி இறங்கிய ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. வெள்ளைக் காராக இருந்திருந்தால் இந்நேரம் வானம் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிரே வந்த லொறிக்காரர்கள் யாராவது தெரிந்தவர்களா என்று பார்த்து, தெரிந்தவர்களுக்கு ஹோர்ன் அடித்தார். அவர்களும் அடித்தார்கள்.

பண்டாரவளை தாண்டிய பிறகு அம்மாவைப் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வளைவுப் பாதையில் பஸ்ஸில் போகும்போது வாந்தி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீட்டுக்கடியில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

"அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. அம்மாவுக்கு வாந்தி வருது."

அப்பா கண்ணாடியில் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த வளைவை முன்னைவிட அழகாகத் திருப்பினார். அம்மா அந்தப் பையை மெல்ல நீவி, நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். உடம்புக்கு முடியாமல் அம்மா இப்படித் தவிக்கும்போதும் வண்டியை நிறுத்தாத அப்பா மேல் எனக்கு வந்த கோபம், அப்புத்தளை வந்து சேரும்வரை தீரவேயில்லை.