ஒரே கால், இரண்டு பெடல்

தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டப் போகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றுதான்: கால் பெடலை மிதிக்கும்போது கை அச்சுக்குள் இருக்கக் கூடாது. பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கப் போகிறவனுக்குச் சொல்லித் தருவது நேர் எதிர்: கை தந்தியின் மேல் இருக்கும்போதே கால் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். பகலில் முதலாவதையும் சாயங்காலத்தில் இரண்டாவதையும் செய்கிறவன் நான். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு பைத்தியம் என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு அலைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

ஒடிந்த கம்பி

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. ஸ்விட்ச் பெட்டிகளுக்குள் வரும் பித்தளைத் தகடுகளை வெட்டி வளைப்போம். அங்கே அச்சுகளைச் செய்து பழுது பார்க்கும் டூல் ரூமில் இருக்கும் பாஷா அடுகோடிக்காரன், என் வயசுதான். அவன் வீட்டு மாடியில் நந்தினி என்ற பெண் குடியிருந்தாள். திருப்பத்தூரிலிருந்து வந்து தொம்மலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். நன்றாகப் பாடுவாள். வெளிநாட்டுக்குக் குடிபோகிற யாரோ ஒருவரிடமிருந்து ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரை வாங்கி வந்து, ஆபீஸ் நண்பன் ஒருவனோடு சேர்ந்து அதைப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அதன் பெடலுக்குப் போகும் கம்பி ஒடிந்துவிட்டது. பற்றவைக்க ஒத்தாசைக்கு வா என்று பாஷா என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

பார்த்தால் அது கிட்டார் மாதிரியே இல்லை. நான்கு கால் வைத்த நீளமான, குறுகலான மேஜை. மேலே பத்துத் தந்திகள். இடது கையில் கனமான இரும்பு உருளை ஒன்றைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். கீழே இடது காலுக்கு மூன்று பெடல்கள். மிதித்தால் தந்தி இழுபட்டு ஸ்வரம் மேலே ஏறும். வலது காலுக்குத் தனியாக ஒரு பெடல், அது சத்தத்துக்கு; அழுத்தாமல் மேலேயே நின்றால் ஒலி வெளியே வராது. மீட்டிய ஒலி தேயத் தேய அந்தக் காலை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஒலி சாகாமல் நிற்கும்.

பாஷா பற்றவைத்து முடித்ததும், சரியாகிவிட்டதா பார் என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தான். ஒரு தந்தியை மீட்டி, மிதித்தேன். யாரோ ஒருவர் தொண்டையிலிருந்து வருவதுபோல அந்த ஒலி வளைந்து மேலே போனது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். நந்தினி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க ரெண்டு பேரும் மிதிக்கறப்ப குனிஞ்சு குனிஞ்சு காலப் பாக்கறோம். நீங்க பாக்கவே இல்ல," என்றாள்.

மூன்றாவது தந்தி

அப்படித்தான் நானும் சேர்ந்துகொண்டேன். நந்தினி, அவள் ஆபீஸில் வேலை செய்யும் கார்த்திக், நான். மூன்று பேருக்கும் வாத்தியார் என்று யாரும் இல்லை. பாஷா வீட்டுக் கீழறையில் கிட்டாரைப் போட்டுவிட்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாற்றி மாற்றி உட்காருவோம்.

இதில் மூன்றாவது தந்திதான் எல்லாவற்றிலும் மெல்லியது. பெடலை மிதிக்கும்போது அதிகமாக இழுபடுவதும் அதுதான். என்றைக்கு அறும் என்று சொல்ல முடியாது. அறுந்தால் முகத்துக்கு நேராக வரும். வாசிக்கிறவன் அதன்மேல் குனிந்துதான் உட்கார்ந்திருப்பான். ஒரு சாயங்காலம் கார்த்திக் நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாக மிதித்துக்கொண்டிருந்தபோது அது அறுந்தது. டிங் என்று ஒரு சத்தம். அவன் மூக்குக் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்திருந்தது. கண்ணாடி இல்லாமலிருந்தால் அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கும் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கார்த்திக் விரலில் இருந்த நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கண்ணாடியைத் துடைத்தான். கோடு போகவில்லை. "எனக்குக் கீபோர்டே போதும் நந்தினி. அது திருப்பி அடிக்காது," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், அதற்கப்புறம் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்பான்.

டம்ளர்

தொம்மலூரில், பெரிய பெரிய ஆபீஸ்களுக்குப் பின்னால் இருக்கிற பழைய தெருவில் நானும் அம்மாவும் இருக்கிறோம். உலோக நகங்கள் இறுக்கமாக இருந்ததால் என் விரல்நுனிகள் கன்றிப்போயிருந்தன. இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா என் கையைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

துணியை அவிழ்த்துக் காட்டினேன். விரலை மடக்கிக் காட்டினேன். பாட்டுப் பெட்டி பழகுகிறேன், அதனால்தான் என்று சொன்னேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், கடையில் வாழைக்காய் பார்ப்பது மாதிரி. பிறகு எழுந்து போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம்: நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா என் கையிலேயே டம்ளரைக் கொடுப்பாள். கீழே வைக்க மாட்டாள். அது பாசம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "நீ பிரஸ்ஸுல சேந்ததுலேர்ந்து, டம்ளர வாங்கறப்ப உன் கையத்தான் பாக்கறேன். அதுக்குத்தான் கையில தர்றது," என்றாள் அம்மா.

இடுக்கி

இனிமேல் சொல்லப்போவதைப் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிட்டாரில் வலது கால் ஓரளவு பழகிவிட்டது. ஒலி தேயும்போது நான் நினைக்காமலே கால் மெதுவாகக் கீழே போகும். இதற்காகத்தான் மாசக்கணக்கில் பாடுபட்டேன். நந்தினிகூட, "இப்பத்தான் பாட்டு மூச்சு விடுது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரஸ்ஸிலும் அதே வலது கால்தான். ஒரு நாள் காலை, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் பழகிய பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்பச் சின்னத் தகடு என்பதால் அன்றைக்குக் கையால் வைக்காமல் இடுக்கியால் வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் ஒரு ஸ்வரம் நீண்டு தேய்ந்தது. இடுக்கி இன்னும் அச்சுக்குள்தான் இருந்தது. என் கால் மெதுவாக, ரொம்ப நிதானமாக, கீழே போனது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கையில் ஒரு உதறல் மட்டும். இடுக்கியின் வாய் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. என் விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளி, பிடியிலேயே இருந்தன. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் சந்திரப்பா ஓடிவந்து மிஷினை நிறுத்தினார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இடுக்கியை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனப்பா, இது போனா ஸ்டோர்ல இன்னொண்ணு இருக்கு. கைக்கு ஸ்டோர் இல்ல," என்றார்.

பஸ்ஸில்

அன்றோடு கிட்டாரை விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று நந்தினிக்குச் செய்தி அனுப்பினேன். ஆனால் கால் விடவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். குனிந்து பார்த்தால் வலது பாதம் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். முடிவெட்டும் கடையில், டீக்கடை பெஞ்சில், எங்கேயும் இதே கதைதான். மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் வலது காலைப் பெடலுக்குப் பக்கத்திலேயே வைக்க மாட்டேன். தகட்டை வைத்து, கையை வெளியே எடுத்து மடியில் வைத்து, கண்ணால் பார்த்து, அப்புறம்தான் காலைப் பெடலுக்குக் கொண்டு போவேன். மற்றவர்கள் ஒரு பெட்டி நிரப்பினால் நான் பாதிதான் நிரப்புவேன். வேலையைப் பற்றி யார் கேட்டாலும் ஜுரம் என்றேன்.

பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும் பாஷாவிடம் மறைக்க முடியுமா. ஒரு நாள் என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். கால் நின்றது. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்திரப்பாவிடம் சொல்லிவிடு என்றான். சொன்னால் வேலை போகும், இவன் கால் இவன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்தால் யார் மிஷினைத் தருவார்கள் என்றேன். பாஷா முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. இறங்குகிற இடம் வந்ததும், "அரே குமரேசா, நாளைக்கு நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். ஏதாவது ஆச்சுன்னா உன்னைத் தூக்கிட்டு ஓடறது நான்தானே," என்றான்.

மணி

மறுநாள் டீ நேரத்தில் சந்திரப்பாவிடம் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிட்டாரிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்கு அந்த வாத்தியம் என்னவென்றே புரியவில்லை. ஆனால் கால் தானாகப் போகிறது என்று சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். சுற்றிலும் நின்றிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சந்திரப்பா என்னை அன்றே பேக்கிங் வேலைக்கு மாற்றினார். பிறகு ஸ்டோருக்குப் போய்த் தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஜோடி ஜோடியாகப் பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கால் பெடலே வேண்டாம். வேலை மெதுவாகும் என்று யாரோ எப்போதோ கழற்றிப் போட்டது. முதலாளியிடம் அவர் பேசப் போன நேரம் முழுக்க எங்கள் யாருக்கும் வேலை ஓடவில்லை. திரும்பி வந்தவரின் முகம் சிவந்திருந்தது. பாஷாவைக் கூப்பிட்டு, மாட்டச் சொன்னார். முதலில் என் மிஷினுக்கு.

அப்போது மணி என் பக்கத்தில் வந்தான். எங்களில் வேகமாக ஓட்டுகிறவன் அவன்தான். அவன் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வேலை பழகுவார்கள். அவன் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அடுத்தது என் மிஷினுக்கு மாட்டச் சொல்லு. என் காலும் அப்படித்தான் போகுது. நான் கிட்டாரும் வாசிக்கறதில்ல," என்றான்.

சத்தம் வராத பாட்டு

பட்டன் மாட்டிய மிஷினில் மறுபடி உட்கார்ந்தேன். நந்தினியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, கிட்டாருக்கும் திரும்பினேன்; கீழறையில் பழகியபோது கால் ஒழுங்காகத்தான் போனது. தொம்மலூரில் ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பாட ஏற்பாடாகியிருந்தது. கார்த்திக் கீபோர்டு, நான் பெடல் ஸ்டீல். அம்மாவும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பாட்டு தொடங்கியது. மீட்டினேன். சத்தம் வரவில்லை. மறுபடி மீட்டினேன். ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால் என் வலது கால் பெடலின் மேல் கல் மாதிரி நின்றிருந்தது. இத்தனை நாள் போகாதே, போகாதே என்று அதட்டி வைத்த கால். இப்போது போ என்றால் எங்கே போகும். நெற்றியிலிருந்து வேர்வை தந்திமேல் சொட்டியது. அந்தப் பாட்டு முழுவதும் நான் கைகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள். நந்தினி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாஷா எழுந்து வந்தான். சத்தப் பெடலில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி, கிட்டாரிலிருந்து நேராக ஸ்பீக்கரில் மாட்டிவிட்டுப் போனான்.

இனி வலது காலுக்கு வேலையே இல்லை. அதைத் தூக்கி நாற்காலிக் காலில் கோத்துக்கொண்டேன். இடது காலால் மட்டும் வாசித்தேன். ஒலி கொஞ்சம் முரடாகத்தான் வந்தது; நீண்டு நிற்க வேண்டிய இடங்களில் சீக்கிரம் செத்தது. ஆனால் வந்தது. ஸ்வரம் முதல்தடவை வளைந்து மேலே போனபோது அம்மா டக்கென்று என் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பெண் வந்து கிட்டாரின் கீழே எட்டிப் பார்த்தாள். கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது, கஷ்டமா என்று கேட்டாள். மிதிப்பதுதான் கஷ்டம், கால் பழக நாளாகும் என்றேன். அவள் சந்தோஷமாக, "அது பரவால்லண்ணா, நான் இப்பத்தான் கார் ஓட்டக் கத்துக்கறேன்," என்றாள்.

பயம் இருந்தால்தான் விரல் தங்கும் என்று பிரஸ்ஸும், பயம் இருந்தால் ஸ்வரம் தங்காது என்று கிட்டாரும் சொல்கின்றன. நான் பகலில் ஒன்றுக்கும் சாயங்காலத்தில் மற்றதற்கும் தலையாட்டிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன்.