கல்லில் வெட்ட வேண்டிய ஐந்து பெயர்கள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் பெற்றது எத்தனை, வந்தது எத்தனை என்று இதுவரை யாருக்கும் பிரித்துச் சொன்னதில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டார்கள். மூன்று பெற்றது, இரண்டு வந்தது. வாயால் சொன்னால் கோபத்தில் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பேச்சு நேராக இருக்கும்.

என் வீட்டுக்காரர் மெதடிஸ்ட் போதகர். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு ஊர் மாற்றுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு பீளமேட்டில் வீடு பார்த்துக்கொண்டு, முன்பு அவரே போதகராக இருந்த சபைக்கே வந்து சேர்ந்தோம். போன வருடம் காலமானார். வருகிற ஞாயிறு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. கல்லறையில் சபை ஒரு கல் வைக்கிறது. அதில் வெட்டப்போகிற வாசகத்தை அன்றைக்கு எல்லார் முன்னாலும் படித்துச் சம்மதம் வாங்குவார்கள்.

போன வாரம் கமிட்டி செயலாளர் அந்த வாசகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

"ஏனுங்கம்மா, ஒருக்கா பாத்துப்போட்டுச் சரின்னு சொல்லிப்போடுங்க. கல்லு தயாரா இருக்குதுங்க."

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'குடும்பத்துக்காகவும் சமுதாயத்துக்காகவும் வாழ்ந்தவர்' என்று இருந்தது. அதுவே எனக்குச் சுருக்கென்றது. மூத்தவன் பிறந்தபோது அவர் யாரோ ஒருத்தர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தார். ஞாயிறு மத்தியானம் இலை போட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள், இவர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஊரார் குடும்பத்துக்கெல்லாம் அவர் வாழ்ந்தார். அவர் குடும்பத்துக்கு நான் வாழ்ந்தேன். போகட்டும் என்று கீழே பார்த்தேன். மனைவி என்று என் பெயர். அதற்குக் கீழே பிள்ளைகள் என்று மூன்று பெயர்.

"இன்னும் ரெண்டு பேரு எங்க?"

"எந்த ரெண்டுங்கம்மா?"

"ஓய்வுநாள் பள்ளியில உன்ற பக்கத்துல உக்காந்திருந்தானே. நீ வசனம் தெரியாம முழிச்சப்பெல்லாம் எடுத்துக் குடுத்தானே. அவன் ஒண்ணு. அவன் தங்கச்சி ஒண்ணு."

சிரித்தார். "அவன் தங்கமான ஆளுங்க. ஆனா கோபி சபை ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல ஐயாவே கைப்பட எழுதி வெச்சிருக்காருங்களே. அப்பன் பேரு வேறயுங்க. நாங்க என்னங்க பண்ணறது? வேணும்னா கீழ வளர்ப்புப் பிள்ளைகள்னு சின்ன எழுத்துல போட்டுரலாங்க."

"ரெண்டு வருசம் உங்க ஐயாவத் தூக்கி உக்கார வெச்சுக் குளிப்பாட்டுனாளே, அவ பேரு சின்ன எழுத்துலயா?"

காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "கமிட்டியில பேசறேனுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் ரிஜிஸ்டர் ஒரு சாக்குதான் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்தவர்கள்தான் எல்லாரும். ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் எடுப்பார்கள். கல்யாணம் என்றால் மட்டும் எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளும் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருந்த காலனியில் பிறந்தவர்கள். நாங்கள் அப்போது அங்கே ஊழியத்தில் இருந்தோம். அப்பன் நெல் அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தான். ஆத்தா அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போனாள். அவளை அடக்கம் பண்ணிவிட்டு இவர் வீட்டுக்கு வந்தபோது, அவருக்குப் பின்னால் ஒரே சென்னிமலைப் போர்வைக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று.

"அம்மணி, இன்னைக்கு ஒலையில ரெண்டு புடி சேத்திப் போடு" என்றார்.

இன்னைக்கு என்றுதான் சொன்னார். நானும் ஒரு நாளைக்குத்தானே என்று போட்டேன்.

ஆறு மாதம் கழித்து அவரே இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆராதனை முடிந்து ரிஜிஸ்டரை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் செத்துப்போனவன் பெயரை எழுதினார்.

"ஏனுங்க, நம்ம பேரப் போட்டா என்னங்க?"

"அந்த மனுசன் பேர ஒரு பட்டாவுல எழுதுனதில்ல, ஒரு பள்ளிக்கோடத்துல எழுதுனதில்ல. இந்த ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும். அத எடுத்துப்போட்டு என்ற பேர எழுத எனக்கு என்ன அதிகாரம்?"

"நாளைக்கு ஆராச்சும் கேட்டா?"

"ஆரு கேப்பாங்க? சபைக்கே தெரியுமே."

சபைக்குத் தெரியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. எழுதியது சரி. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம், இவை என் பிள்ளைகள் என்று. ஒரு வரிக்கா மை இல்லை? செத்தவனுக்கு நியாயம் செய்தார். உயிரோடு இருந்த இரண்டையும் அடுத்தவர் தயவில் விட்டுவிட்டார். இப்போது அவர் கையெழுத்தையே எடுத்துக்காட்டி அவர் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறார்கள். கேட்டால் பதில் சொல்ல அவரும் இல்லை.

பெற்ற மூன்று பேரிடமும் போனில் கேட்டேன். "அஞ்சும் இல்லாட்டி எங்க பேரும் வேண்டாம்மா" என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். வந்த இரண்டில் பையன், "உங்க இஷ்டம்மா" என்றான். அவன் தங்கச்சி, நர்ஸ் வேலை பார்க்கிற என் சின்ன மகள்தான் தடுத்தாள்.

"உடுங்கம்மா. கல்லுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அப்பாவுக்குத் தெரியும்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம்? நாளைக்கு உனக்கொரு பேரன் வந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?"

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரம்கூட இல்லை.

ஆகவே சபையாருக்குச் சொல்கிறேன். வயது வரிசைப்படி ஐந்து பெயர், ஒரே அளவு எழுத்தில். வளர்ப்பு என்ற வார்த்தை வரக்கூடாது. பெற்றதையும் நான் வளர்க்கத்தான் செய்தேன். முடியாது என்றால் மனைவி என்று போட்ட என் பெயரையும் எடுத்துவிடுங்கள். அவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய இடமும் வேண்டாம். வேறு கல்லறைத் தோட்டத்தில் படுத்துக்கொள்கிறேன். இத்தனை ஊர் மாறியவளுக்கு இன்னொரு ஊர் பெரிதில்லை.

சின்ன மகளின் மகள் காலேஜிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

"கண்ணு, பைய வெச்சுப்போட்டு இங்க வா. ஞாயித்துக்கெழம சபையில இத நீதான் வாசிக்கோணும். உங்கம்மாகிட்ட இப்பச் சொல்லாத. எங்க, ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. கோவம் வர்ற எடத்துல கொரலக் கொறைக்காத."