தலைவர்கள்மேல் இழுத்துவிட்ட சாரன்

இன்று சவர நுரையின் வாசம் பட்டதும், எழுபதுகளின் கடைசியில் கல்முனைச் சந்தையடியில் இருந்த ஒஸ்தா மாமாவின் சலூன் கண்முன் வந்தது. முடி வெட்டும் அதே கத்தரியால் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய உலகத் தலைவர்கள் சுவர் நிறைய இருந்தார்கள். உருவங்களை முன்னால் வைத்துத் தொழுவதில்லை என்பதால், எத்தனை பெரிய மனிதர் என்றாலும், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும், உடுத்திப் பழசான சாரனைக் கொண்டு செய்த திரையை அவர்கள்மேல் இழுத்துவிடுவார் மாமா.

அரபுத் தலைவர் ஒருவர் தான் போரிட்ட எதிரியோடு கைகுலுக்கிய செய்தி வந்த நாளில், நாற்காலியில் இருந்த என் தலைமுடி பாதி வெட்டியபடி இருந்தது.

“அந்தாள்ர படத்தக் கிழிங்க, ஒஸ்தா,” என்றார் என்னைக் கூட்டி வந்திருந்த வாப்பா.

“பாங்கு சொல்லுது. தொழுதிட்டுக் கிழிப்பம்.”

மாமா திரையை இழுத்துவிட, இருவரும் தோளோடு தோள் நின்று தொழுதார்கள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் மாமா திரையைக் காட்டினார்.

“இதுக்குள்ள அந்தாள் எது, சொல்லுங்க பாப்பம்.”

எல்லாரையும் ஒன்றாக மூடிய திரையை ஒருதரம் பார்த்துவிட்டு, வாப்பா என் தலையை மறுபக்கம் திருப்பினார்.

“புள்ளட மத்தப் பக்கத்த வெட்டுங்க,” என்றார்.