இலையில் முளைத்த சம்மனசு

யோசெப்பினிடம் ஒரு காரியம் சரிவராது என்று சொன்னால், அதைச் செய்யச் சொல்லித் தூண்டிவிட்டதாகத்தான் அர்த்தம். எங்கள் தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம், 2006 நத்தார், அதாவது கிறிஸ்மஸ் நாடகத்தைப் பழக்கிய விமலநாதனுக்கு மட்டும் எப்படியோ தெரியாமல் போய்விட்டது.

கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் தையல் வேலை பார்ப்பவள் யோசெப்பின். ஒரே மகள் றொஷினிக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது, சக்கரம் வைத்த சில்லுக்கதிரைதான். இடையர்களுக்கு நற்செய்தி சொல்லும் தேவதூதனாக, சம்மனசாக, நடிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை.

“சம்மனசு மேடையில நிக்கவேணும், தங்கச்சி. கதிரையோட வந்தா சனம் என்ன சொல்லும்?” என்றார் விமலநாதன்.

“கால் இல்லாத சம்மனசும் இருக்கு அண்ணை. செய்து காட்டுறன்.”

அவள் சொன்னது பொய்யில்லை. மகளைக் காட்டும் வைத்தியரின் அறைச் சுவரில், ஐரோப்பாவின் பரோக் காலத்து அலங்கார அச்சுப்படம் ஒன்று தொங்கியது. சிறகு முளைத்த கொழுகொழு குழந்தைகள். இடுப்புக்குக் கீழே கால்களுக்குப் பதில் சுருண்டோடும் இலைக்கொடி. கீழேயிருந்த பிரெஞ்சுக் குறிப்பை றொஷினிதான் வாசித்துச் சொன்னாள்: இலை என்பது பட்டுப்போனாலும் திரும்பத் துளிர்க்கும் உயிர், குழந்தை அதில் வரும் புதுத் தளிர். யோசெப்பினின் காதில் அது பாதிதான் ஏறியது. கால் தெரியாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வேலைவிட்டு வந்து பச்சைத் துணியில் இலை இலையாக வெட்டினாள். இடுப்பிலிருந்து நிலம்வரை, கதிரை இருப்பதே தெரியாதபடி தைத்துப் போர்த்தினாள். விமலநாதன் அசந்துபோய் ஓமென்றார்.

ஒத்திகையில் றொஷினி கதிரையை உருட்டியதும் இலைகள் சில்லில் சிக்கின. கதிரை நடுமேடையில் நின்றுவிட்டது. இடையர் வேடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் விமலநாதன்.

யோசெப்பின் ஓடிப்போய் இலைகளைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனம்மா சில்லை மூடினனீங்கள்? படத்தில இலை ஒண்டையும் மறைக்கேல்லையே. அதிலயிருந்துதானே பிள்ளை வருது,” என்றாள் றொஷினி.

யோசெப்பினுக்கு முகம் எரிந்தது. சனத்துக்குப் பயந்தது விமலநாதன் மட்டுமல்ல. கத்தரிக்கோலை எடுத்து, தான் தைத்ததைத் தானே வெட்டினாள். வெட்டிய இலைகளைச் சில்லுக் கம்பிகளில் சுற்றிக் கட்டினாள்.

“இப்ப உருட்டு.”

சில்லோடு இலைகளும் சுழன்றன. விமலநாதன் வழியிலேயே நின்றார். றொஷினி வேகத்தைக் குறைக்கவில்லை, அவர்தான் விலகினார்.