கிணற்றைத் தாண்டிப் போனேன்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லையை எங்கே போடுவது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம். திருப்பதியில் என் தங்கை பிள்ளை பெற்று, ஜன்னி கண்டு கிடக்கிறாள் என்று அவள் தெருக் காய்கறிக்காரர் நகரிக்கு வந்து சொன்னார். அவளுக்கு அது புது வீடு. நான் பார்த்ததில்லை.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நேரா போ. மாவு மிஷினு வரும், சோத்தாங்கை பக்கம் திரும்பு. அப்பால கெணறு, பீச்சாங்கை. பால்கடை, சோத்தாங்கை. அப்பால நீலக்கதவு."

"எழுதிக்கினு போறேண்ணா."

"நாலே நாலும்மா. இதுக்குப் போயி எழுதுவியா?"

நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். எழுத்துக்கூட்டி எழுதுவதை அவர் நின்று பார்ப்பாரே என்று வெட்கம். விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மிஷின், கிணறு, பால்கடை, கதவு. நிறுத்தினால் போய்விடும் என்று பயம். புத்தூர் தாண்டியதும் பக்கத்துச் சீட்டு அம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, மந்திரமா சொல்லிக்கினு வர்ற? உங்க ஊரு ஆந்திராவா, மெட்ராஸா?"

"எனக்கின்னா தெரியும்?"

"யாருக்குத்தான் தெரியும்! படுக்கறப்ப ஒரு ஸ்டேட்டு, எழுந்தா வேற ஸ்டேட்டு. புருஷனாவது அதே ஆளா இருந்தா சரி."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுபடி ஆரம்பித்தேன். மிஷின், பால்கடை, கிணறு, கதவு. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. நாலும் இருந்ததே! இன்றைக்கும் கடைக்குப் போனால் அப்படித்தான். முதல் சாமானும் கடைசிச் சாமானும் நின்ற இடத்தில் நிற்கும். நடுவில் இருப்பவை இடம் மாறிக்கொள்ளும். அன்றைக்கு நாலில் ஒன்று தொலைந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன்.

மிஷினில் திரும்பினேன். கிணறு வந்தது. பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். பால்கடைக்கு அப்புறம்தானே கிணறு, இது வேறே என்று தாண்டிப் போனேன். தூரத்தில் ஒரு பால்கடையும் இருந்தது, என் கெட்ட நேரம். அங்கே திரும்பி, தெருத்தெருவாக நீலக்கதவைக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். வெயில் சாயும்போது அந்தக் கிணற்றடிக்கே திரும்பி வந்தேன். பீச்சாங்கைப் பக்கமிருந்து அழுகை கேட்டது.

அந்தப் பக்கம் போனேன். பால்கடை வந்தது, திரும்பினால் நீலக்கதவு திறந்திருந்தது. தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் மூச்சு அப்போதுதான் நின்றிருந்தது. கையைத் தொட்டேன், இன்னும் சுட்டது.

"'அக்கா வந்துச்சா, அக்கா வந்துச்சா'ன்னு இப்ப வரைக்கும் கேட்டுக்கினே இருந்தா," என்றார் அவள் புருஷன்.

அதுவரை அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் அக்காவா? காலையில தண்ணி சேந்தறப்ப பார்த்தேனே. எங்கியோ வேகமா போய்க்கினு இருந்தியேம்மா."