ரிமோட்டுக்கு எட்டாத ஆணி

கன்னிகாவின் பையை முதன்முதலாகத் தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இன்னா மே, கருங்கல்லு வெச்சிகினு போறியா?" நகரி பேருந்தில் ஒரு கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டே தீருவேன் என்று நின்றார். அவர் கையிலிருந்த டிக்கெட் மெஷினில் காகிதச் சுருள் சிக்கியிருப்பதைக் கன்னிகா பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன இடுக்கியை எடுத்தாள், கிழிந்த துண்டை உருவிப் போட்டாள், மெஷினைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த கண்டக்டர் இன்றைக்கும் அவளுக்காக ஸ்டாப்பிங்கில் அரை நிமிஷம் கூடுதலாக நிறுத்துகிறாராம்.

புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. முன்னூற்றுச் சொச்சம் கணினிகளுக்கு அவள் ஒருத்திதான். பையில் நட்டு கழற்றுகிற செட், கேபிள் முனையில் கனெக்டரைக் கடித்துப் பொருத்துகிற கிரிம்பிங் கருவி, எட்டு விளக்கு வரிசையாக மினுக்கும் டெஸ்டர், சுவருக்குள் ஓடும் கேபிளைத் தேடி கீச்கீச்சென்று கத்தும் ஒரு கோல் எல்லாம் இருக்கும். கோலுக்கு அவள் வைத்த பெயர் குருவி. செத்துப்போன கணினியை எழுப்புகிற பென்டிரைவ் மூன்று. ஒன்றை நம்பக் கூடாது என்பாள், இரண்டையும் நம்பக் கூடாது என்பாள். ஒரு பள்ளிக்கூட ரப்பரும் உண்டு. கணினி திரை வராமல் கீச்சிட்டால் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அந்த ரப்பரால் தேய்த்து மாட்டிவிடுவாள். பாதி நேரம் அதுவே போதும். "புத்தூருல ஒடஞ்ச எலும்பையே எண்ணெயும் துணியும் வெச்சுக் கட்டிடறாங்க. இதுக்கு ரப்பர் போதாதா?"

நானும் அவளும் ஐந்தாவது வரை தமிழிலும் ஆறாவதிலிருந்து தெலுங்கிலும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் வீட்டில் சொந்த நிலம் கிடையாது. கூலி வேலைக்குப் போகும்போது நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா தினமும் அவளைத் தன் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் போவார். சித்தூரில் டிப்ளமோ முடித்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் தரிசன டிக்கெட் பதிவு செய்துகொடுத்துக்கொண்டே, மூடிய பிறகு அங்கிருந்த கணினிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டாள். நான் டப்ளின் வந்துவிட்டேன். என் லேப்டாப்பின் விசிறி கொஞ்சம் சத்தமாகச் சுற்றினாலே அது இன்றோடு சரி என்று எனக்குத் தோன்றும். அவளைக் கூப்பிடுவேன். அவள் புத்தூரிலிருந்தே என் திரைக்குள் ரிமோட்டில் நுழைந்து, மவுஸ் அம்பை அங்குமிங்கும் ஓட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல மே, தூசி. போய்த் துன்னுட்டுத் தூங்கு" என்பாள்.

ஆகவே ரிமோட்டால்தான் அவள் வேலை போகப்போகிறது என்று கேட்டபோது எனக்குக் குற்ற உணர்ச்சியாகவே இருந்தது.

பதினோரு வருஷமாக அவளுக்கு வருஷ ஒப்பந்தம்தான். ஒவ்வொரு தசராவுக்கும் பிறகு புதுப்பிப்பார்கள். போன வருஷம் நிர்வாக அதிகாரியாக வந்த ஹரிபிரசாத்துக்கு, ஒரு பெண் ஏணியில் ஏறி கேபிள் இழுப்பது கல்லூரியின் கௌரவத்துக்குப் பொருத்தமாகப் படவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியைப் பிடித்தார். கல்லூரிக்கு ஆளே வரத் தேவையில்லை, எல்லாக் கணினியையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அதைக் காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் ஆயுத பூஜை. பூஜைக்கு கல்லூரித் தலைவர் கிருஷ்ணப்பா கட்டாயம் வருவார் என்பது ஒரு காரணம். கன்னிகாவின் கருவிகளெல்லாம் அன்றைக்கு பூஜைப் பலகையில் இருக்கும், அவள் எதிலும் கை வைக்க முடியாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவர் வெளியே சொல்லவில்லை. கன்னிகா தானாகவே புரிந்துகொண்டாள்.

அந்தக் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் பத்மினி மேடத்தின் ராஜ்ஜியம். லேத் மெஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டால் அவை ஓய்வில். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. எழுதக் கூடாது என்பதால் பேனாக்களும் ஒரு தட்டில் படுத்திருக்கும். அந்த வருஷம் ஹரிபிரசாத்தின் கணினிக்கு மட்டும் விலக்கு, அதை வைத்துத்தான் டெமோ.

"பூஜை போடாத மிஷினு. நான் சொல்றத சொல்லிட்டேன்" என்றார் பத்மினி மேடம்.

காலை எட்டரைக்குத் தன் பையைக் காலி செய்து பலகையில் அடுக்கிவிட்டு கன்னிகா வராந்தாவுக்கு வந்தாள். ஹரிபிரசாத் தன் அறை வாசலில் ஸ்டூல் மேல் நின்று மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பூஜையில் இருந்ததால், 'சிறந்த நிர்வாகி' என்று கல்லூரி அவருக்குக் கொடுத்த கேடயத்தின் அடிக்கட்டையால் அடித்தார். வாசல்காலை ஒட்டி ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டைக்குள்தான் அவர் அறைக்குப் போகும் கேபிள்.

"சார், அந்தப் பட்டைக்குள்ள ஒயர் போகுது. ஒரு சாண் மேல அடிங்க."

ஹரிபிரசாத்தின் வீட்டுப் பேச்சு தெலுங்கு. கன்னிகாவிடம் மட்டும் தமிழில் பேசுவார், அதட்டுவதற்கு வசதியாக இருக்குமோ என்னவோ. "மேல அடிச்சா தோரணம் எப்படிம்மா அழகா நிக்கும்? நீ உன் வேலைய பாரு. இருக்கிற வரைக்கும்."

கடைசி இரண்டு சொற்கள் தேவையே இல்லை. அவை இல்லாவிட்டால் கன்னிகா இன்னொரு தடவை சொல்லியிருப்பாள்.

ஆணி இறங்கியது. உள்ளே கணினி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டை விழுந்த கேபிள் சில சமயம் அப்படித்தான், யாராவது அசைக்கும்வரை விசுவாசமாக இருக்கும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கிருஷ்ணப்பா வருகிறார் என்று இரண்டு முழ சாமந்தி மாலையையும் அதே ஆணியில் தொங்கவிட்டார் ஹரிபிரசாத். பத்து மணிக்கு பூஜை முடிந்து கருத்தரங்கக் கூடத்துக்கு எல்லாரும் நடந்தபோது, ஆணி தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்திருப்பதை கன்னிகா பார்த்தாள். ஒரு தொன்னை சுண்டல் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பெங்களூர் கம்பெனியின் யஸ்வந்த் மரியாதையான ஆள். தன் லேப்டாப்பைத் தன் போனின் இணையத்தில் இணைத்து, அதிலிருந்து ஹரிபிரசாத்தின் கணினிக்குள் நுழைந்து பெரிய திரையில் காட்டினார். மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றினார். ஒரு மென்பொருளை நிறுவினார். கிருஷ்ணப்பா தலையாட்டினார். ஹரிபிரசாத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்து ஒரு புன்னகை வைத்தார்.

பதினொன்று இருபதுக்குப் படம் உறைந்தது. அம்பு அசையவில்லை. 'மீண்டும் இணைக்க முயல்கிறது' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"எங்க சைடு எல்லாம் ஓகே சார். உங்க மெஷின்தான் பதில் சொல்லல" என்றார் யஸ்வந்த். வெளியேறி மறுபடி நுழைந்து பார்த்தார். பெங்களூருக்குப் போன் போட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார் பத்மினி மேடம், யாரும் கேட்காமலேயே. "பூஜை போடாத மிஷினு."

கன்னிகா ஒரு தேங்காய்ச் சில்லைத் தேடி எடுத்து வாயில் போட்டாள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் பதினோரு வருஷ சர்வீஸிலேயே மிக இனிமையானது என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

பதினோராவது நிமிஷத்தில் ஹரிபிரசாத் எழுந்தார். "சார், இது தானா ஆகல. கேபிள புடுங்கி விட்டிருக்காங்க. யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல."

கூடமே திரும்பிப் பார்த்தது. கன்னிகா தொன்னையைக் கீழே வைத்தாள். ஒப்பந்தம் போனால் வேறு வேலை தேடலாம். நெட்வொர்க்கை அறுத்தவள் என்ற பெயர் வந்தால் புத்தூரிலிருந்து நாயுடுபேட்டை வரை எந்தக் கல்லூரியும் அவளை கேட்டுக்குள் விடாது. காலையில் எச்சரித்தாளே? அதற்குச் சாட்சி ஹரிபிரசாத் ஒருவர்தான்.

"நிஜமாம்மா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பா.

"நான் சுண்டல் துன்னுகினு இருந்தேன் சார். நீங்களே வந்து பாருங்க. நான் எதையும் தொடமாட்டேன்."

முதலில் அவரை மாடியில் கேபிள்களெல்லாம் வந்து சேரும் அலமாரிக்கு அழைத்துப்போனாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள். வரிசையாகப் பச்சை விளக்குகள் மினுக்கின. பதினாலாம் நம்பர் மட்டும் இருட்டு.

"இதுதான் ஹரிபிரசாத் சார் ரூமுக்குப் போற ஒயர். புடுங்கியிருக்குதான்னு நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

கிருஷ்ணப்பா இழுத்தார். இறுகச் செருகியிருந்தது, வரவில்லை. அங்கிருந்து வெள்ளைப் பட்டை போகும் வழியிலேயே ஊர்வலம் நடந்தது. படியில் இறங்கி, வராந்தாவில் திரும்பி, ஹரிபிரசாத்தின் வாசலில் நின்றது. கன்னிகா விரலை நீட்டினாள். மாலையின் கனத்தில் தொங்கிய ஆணி பட்டையைப் பிளந்திருந்தது. பிளவில் ஆரஞ்சும் நீலமுமாக நாலைந்து செப்புக் கம்பிகள் பிய்ந்து துருத்திக்கொண்டிருந்தன.

யஸ்வந்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

"தம்பி, உங்க ரிமோட்டுல இந்த ஆணியப் புடுங்கிக் காட்டுங்க. நான் இன்னிக்கே வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடறேன்" என்றாள் கன்னிகா.

"ஆணிய அடிச்சது யாரு?" என்றார் கிருஷ்ணப்பா.

"பண்டிகை சார்..." என்று ஆரம்பித்தார் ஹரிபிரசாத். அவருடைய மேஜைமேல் கிடந்த கேடயத்தின் அடிக்கட்டையில் புதுசாக ஏழெட்டுப் பள்ளங்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

கிருஷ்ணப்பா கன்னிகா பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் சார். 'உன் வேலைய பாரு, இருக்கிற வரைக்கும்'னாரு. பார்த்துகினு இருந்தேன்."

ஹரிபிரசாத் இல்லை என்று சொல்லவில்லை. மாலையைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, சரிபண்ணும்மா" என்றார் கிருஷ்ணப்பா. கன்னிகா பூஜை அறைப் பக்கம் பார்த்தாள். பத்மினி மேடம் வாசலை மறைத்துக்கொண்டார்.

"கற்பூரம் காட்டியாச்சு. நீங்க சொன்னாலும் சரி சார், அந்தப் பெருமாளே மலையிலேர்ந்து இறங்கி வந்து கேட்டாலும் சரி, நாளைக்குக் காலையிலதான் தருவேன்."

கிருஷ்ணப்பா பெரிய முதலாளிதான், ஆனாலும் பத்மினி மேடத்திடம் வாயைக் கொடுப்பவர் இல்லை.

யஸ்வந்த் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "மேடம், என் கார் டிக்கியில ஒரு கிரிம்பிங் டூல் இருக்கு. கனெக்டர், ஜாயினர் எல்லாமே இருக்கு." இந்த கோட்டு சூட்டுக்கு முன்னால் அவரும் ஆறு வருஷம் ஏணி ஏறினவராம். ரிமோட் விற்கப் போகும் இடங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியையும் எடுத்துப் போவாராம். சங்கடத்தோடுதான் சொன்னார்.

"அவர் வண்டியில இருக்கிறது நம்ம பூஜையில சேராது" என்று தீர்ப்பு சொன்னார் பத்மினி மேடம்.

கன்னிகா ஸ்டூலில் ஏறினாள். யஸ்வந்த் கீழே நின்று போன் வெளிச்சம் பிடித்தார். நைந்த துண்டை வெட்டி எறிந்தாள், இரு முனையிலும் எட்டெட்டுக் கம்பிகளை நிறவரிசையில் நீவி, கனெக்டரில் செருகி நறுக் நறுக்கென்று கடித்தாள். நடுவில் ஒரு ஜாயினர் போட்டு இணைத்தாள். "கை சுத்தம் மேடம்" என்றார் யஸ்வந்த், இதைப் பொய்யாகச் சொல்ல முடியாது என்கிற குரலில். உள்ளே ஹரிபிரசாத்தின் கணினி உயிர் பெற்றது.

அங்கேயே நின்றபடி கிருஷ்ணப்பா முடிவு சொன்னார். இரவு பேக்கப் எடுக்கிற வேலையை யஸ்வந்தின் கம்பெனி பார்க்கும். மற்றதெல்லாம் கன்னிகா. "இன்னும் ஒரு வருஷம் போட்டுடுங்க."

"மூணு வருஷம் சார்" என்றாள் கன்னிகா, ஸ்டூலிலிருந்து இறங்காமல்.

கிருஷ்ணப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆணியைப் பார்த்தார். "மூணு" என்றார். ஹரிபிரசாத் உட்கார்ந்து உத்தரவை டைப் அடித்தார். அடித்து முடித்துப் பிரிண்ட் கொடுக்கப் போனார்.

"பிரிண்டர் பூஜையில கீது" என்றார் பத்மினி மேடம்.

"கையாலயாவது எழுதி..."

"பேனாவும்."

வாய்வார்த்தை ராத்திரி தாண்டுமா என்று கன்னிகாவுக்குத் தெரியாது. இரவோடு இரவாக ஹரிபிரசாத் தலைவர் வீட்டுக்குப் போய் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகவே மெயிலில் அனுப்பச் சொல்லி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஒன்று தலைவருக்கு. தலைவர் தன் போனில் 'சம்மதம்' என்று அங்கேயே பதில் போட்டார். இன்னொன்று கன்னிகாவுக்கு. எதற்கும் மூன்றாவது பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் சட்டம், தலைவரின் பதிலோடு சேர்த்து அதை எனக்கு அனுப்பினாள்.

டப்ளினில் அப்போதுதான் காலை. அலுவலக மீட்டிங்கின் நடுவே என் போன் அதிர்ந்தது. அவள் பெயரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வெளியே ஓடினேன்.

"வந்துச்சா மே?"

"வந்துச்சு."

"தொறந்து பார்த்தியா? மூணு வருஷம்னு கீதா?"

மூன்று வருஷம் என்றுதான் இருந்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"சரி. நாளைக்கு மேடம் பிரிண்டர எழுப்புற வரைக்கும் என் வேலை உங்க ஊருலதான் கீது. பத்திரமா பார்த்துக்கோ."

போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்.