அம்மை வந்த வீட்டில் தாளித்தவள்

என் சமையலறையில் ஓர் இரும்புத் தாளிப்புக் கரண்டி தொங்குகிறது. அடி கறுத்து, பிடி வளைந்து போனது. புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இது போதும் என்று வாயை அடைத்துவிடுவேன். கத்தியால் குத்தினவனைப் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். கடுகு தாளித்தவளை யார் பிடிப்பது?

தொண்ணூறுகளின் நடுவில் மர்பி டவுனில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, ஒரு குழாய், ஒரு கக்கூஸ். என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் ஃபேக்டரி வேலை. நான் இந்திரா நகரில் ஒரு பங்களாவில் சமையல். எங்கள் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் முதல் பிள்ளை வயிற்றில். எட்டு மாதம் முடிந்திருந்தது. குழாயடியில் அவளைக் குடம் தூக்க விடமாட்டோம். அவ்வளவு பிரியமாகத்தான் இருந்தோம்.

அதற்கு முந்தின வருஷம் மூலைவீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. அவர்கள் முறைப்படி வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அன்றிலிருந்து பால்காரன் பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். அந்த வீட்டுக் குடம் குழாயடியில் கடைசிக்குப் போனது. அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி, உடம்பு தேறிய பிறகும் எங்கள் கன்னடத்து ஓனரம்மா, “பேடாம்மா, வேணாம், நம்ம காம்பவுண்டுக்கு இந்தத் தொந்தரவு பேடா, வேற எடம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டு நின்றோம். வேப்பிலையைச் சாமிக்குக் கட்டுவதாகத்தான் சொல்கிறோம். யோசித்தால் அது அக்கம்பக்கத்துக்குச் சொல்கிற சேதி: வராதே, உன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள். அப்படி நல்லது சொன்னவர்களைத்தான் நாங்கள் துரத்தினோம். அப்புறம் எவள் கட்டுவாள்?

நாலு வயது என் மகளுக்கு அம்மை போட்டபோது நான் கட்டவில்லை. வீடும் போகும், பங்களா வேலையும் போகும் என்ற பயம். கொண்டுவந்த வேப்பிலையைப் பிள்ளையின் பாய்க்கு அடியில் ஒளித்தேன். முழுக்கைச் சட்டை போட்டுப் படுக்கவைத்தேன். அவள் அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட் என்பதால் காலையில் அவர் பார்த்துக்கொள்வார். அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தாளிக்கிற சத்தம் நின்றால் ஆறு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அதனால் முன்னைவிடப் பலமாகத் தாளித்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு இரண்டு பங்கு கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய் என்று காம்பவுண்டே தும்முகிற மாதிரி. உள்ளுக்குள் ‘தாயே, மன்னிச்சிரு’ என்று சொல்லிக்கொண்டே தாளித்தேன்.

அந்த வாசனைக்குத்தான் அக்கா வந்தாள். “என்னாடி, இப்படிக் கமகமன்னு தாளிக்கிற? எனக்கு வாய் ஊறுது, ஒரு கரண்டி ஊத்து” என்று தட்டோடு வந்து நின்றாள். வராதே என்று வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் தட்டை வைத்துவிட்டு, சிணுங்கிய பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “உடம்பு கொதிக்குதேடி, கழுத்துல என்னா இது?” என்றாள். “சூட்டுக் கொப்புளம்க்கா” என்றேன். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டாள். ஊற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு அம்மை கண்டது. கண்ட அன்றே வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். அதைப் பார்த்ததும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். முதலில் சாத்தியவள் நான். மறுநாளே வலி எடுத்து, ஆட்டோவில் புருஷனோடு மட்டும் போனாள். ஆண் குழந்தை. அதற்கும் உடம்பெல்லாம் போட்டது. பிறந்த பன்னிரண்டாம் நாள் போய்விட்டது.

காம்பவுண்டு சும்மா இருக்குமா? வயிற்றுப் பிள்ளையோடு கண்ட இடத்துக்கும் போனாள், அதனால்தான் என்றார்கள். சாமிக் குத்தம் என்றார்கள். என்னைப் பார்த்து, “நீயே சொல்லு” என்று கேட்டபோது, ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதமே ஆனேக்கல் பக்கம் வீடு மாறிப் போனார்கள். நாங்கள் அங்கேயே இருந்தோம். என் வேலையும் பத்திரமாக இருந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து மார்க்கெட் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை, தலையில் பாதி நரை. ஒளிந்துகொள்ளலாம் என்று திரும்புவதற்குள் அவளே பார்த்துவிட்டாள். “நல்லா இருக்கியாடி?” என்றாள். பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெயிலைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசினோம். ஆனேக்கல் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: “பாப்பாவுக்கு மூஞ்சியில தழும்பு எதுவும் விழலையே?”

“இல்லக்கா” என்றேன். பஸ் போய்விட்டது. என் பிள்ளைக்கு அம்மை போட்டதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஊரே அவளைத் தூற்றியபோது, எதிர்வாசலில் நின்று தலையாட்டிய என்னை நோக்கி அவள் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. அடிப்பாவி, ஏன் நீட்டாமல் போனாய்?

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். கரண்டியை எடுத்து எண்ணெய் ஊற்றினேன், கடுகு போடக் கை வரவில்லை. அப்படியே இறக்கிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்த மகள், “என்னம்மா, தாளிக்க மறந்துட்டியா?” என்று கேட்டாள். அவளுக்குப் புருவத்துக்கு மேலே கடுகளவில் ஒரு குழி உண்டு.

“ஆமாண்டி, மறந்துட்டேன்” என்றேன்.